கம்பு வழுக்கவில்லை

கம்பு பழகினால் கோபம் போய்விடும் என்று என்னிடம் சொன்னவர்கள் யாரும் என்னைப் போலக் கோபக்காரர்கள் இல்லை. அவர்களுக்கு அது சுலபமாகப் போயிருக்கலாம். எனக்குப் போகவில்லை. வேறொன்று நடந்தது. அதைச் சொல்ல இத்தனை வருஷம் ஆகிவிட்டது. இன்னமும் வெட்கம் கொஞ்சம் மிச்சமிருக்கிறது, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன்.

அறுபதுகளின் பிற்பாதி அது. எனக்கு இருபத்துமூன்று வயது, மூக்குக்கு மேல் கோபம். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பம்பாய்க்கு வந்து இரண்டு வேலையை வாயாலும் ஒரு வேலையைக் கையாலும் கெடுத்திருந்தேன். நாலாவதாகச் செம்பூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் பத்லியாகச் சேர்ந்தேன். நிரந்தர ஆள் வராத நாளில் அவன் இடத்தில் நிற்பவன் பத்லி. காலையில் கேட்டில் போய் நிற்க வேண்டும். கூப்பிட்டால் வேலை, இல்லாவிட்டால் வந்த பஸ்ஸிலேயே திரும்ப வேண்டியதுதான்.

குடியிருந்தது தாராவியில். தோல் ஷாப்புகளுக்குப் பின்னால் ஒரு காலி இடம் இருந்தது. வாரம் முழுக்க அங்கே தோல் காயும். ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் அது எங்களுக்கு. நாற்றம் எங்களுக்கு உறைக்காது, புதிதாக வருகிறவர்கள்தான் மூக்கைப் பிடிப்பார்கள். ஆசான் என்று எங்களுக்கு யாரும் கிடையாது. ஊரில் கற்ற சிலம்பத்தில் பாதியை ரயிலிலேயே மறந்துவிட்டு வந்தவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர், மீதிப் பாதியைச் சேர்த்துவைத்து விளையாடிக்கொண்டிருந்தோம். நாலு ஊர்க்காரர்கள் என்பதால் நாலு சட்டம். எங்கள் ஊரில் இடது கால் முதலில் போகும், பக்கத்து ஊரில் வலது. இதற்காகவே பாதி நேரம் வாய்ச்சண்டை நடக்கும். காலை இழுத்து நடக்கும் தையற்கார அண்ணாச்சி ஒருவர் நடுவில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, "இது கம்பு வெளையாட்டா, பஞ்சாயத்தால?" என்று அதட்டுவார்.

இரண்டே இரண்டு விஷயத்தில் நாலு ஊரும் ஒத்துப்போனது. ஒன்று, கழுத்துக்கு மேலே கம்பு போகக் கூடாது. இன்னொன்று, பட்டதைப் பட்டவனே சொல்ல வேண்டும். கம்பு நுனியில் கரியைக் குழைத்துத் தடவியிருப்போம். பனியனில் கரி விழுந்தால் ஒரு தொடல். ஆனால் அதை எதிராளி சொல்லக் கூடாது, அண்ணாச்சியும் சொல்லமாட்டார். அடி வாங்கியவன்தான் நின்று, எல்லோருக்கும் கேட்கும்படி, "பட்டுட்டு" என்று சொல்ல வேண்டும். அவன் சொல்லும்வரை எதிரே நிற்பவன் கம்பைத் தாழ்த்திக் காத்திருப்பான். முதல் இரண்டு மாதம் எனக்கு இது நெஞ்சில் முள்ளாகக் குத்தியது. அடியும் வாங்கிக்கொண்டு அதை நானே ஊரைக் கூட்டிச் சொல்லவும் வேண்டுமா என்று இருக்கும். போகப்போகப் பழகிவிட்டது. வாய் தானாகச் சொல்லிவிடும்.

நான் திருந்திவிட்டேன் என்று எனக்கே ஓர் எண்ணம் வந்திருந்தது. அதற்குக் காரணமும் இருந்தது. மதராசி என்றாலே முறைக்கிற கூட்டம் ஒன்று அந்த வருஷங்களில் ஊருக்குள் கிளம்பியிருந்தது. ஒருநாள் கிங்ஸ் சர்க்கிளில் பஸ்ஸுக்கு வரிசையில் நிற்கும்போது ஒருவன் முழங்கையால் என்னை இடித்து முன்னால் போய் நின்றான். கேட்டதற்கு, "ஏ மதராசி, பீச்சே ஹட்" என்றான், பின்னால் போ என்று. பழைய நானாக இருந்தால் அவன் சட்டை என் கையில் இருந்திருக்கும். அன்று என் வலது கால் தானாகப் பின்னால் போய் ஊன்றியது. இடி வந்தால் முதலில் கால் பின்வாங்க வேண்டும் என்பது விளையாட்டுப் பாடம். கால் பின்னே போன அந்த நேரத்துக்குள் பஸ் வந்துவிட்டது. அவனும் ஏறினான், நானும் ஏறினேன். இரண்டு பேரும் ஒரே கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு சயான் வரை வந்தோம். இறங்கும்போது எனக்கு உள்ளுக்குள் ஒரே பெருமை.

அந்தப் பெருமையை என் கூட்டாளியிடம்தான் முதலில் அளந்தேன். அவன் எனக்குப் பக்கத்து ஊர், என் வயது. செம்பூரில் அதே தொழிற்சாலையில் அவனும் பத்லி. கல்யாணம் ஆகும்வரை இரண்டு பேரும் ஒரே அறையில் ஒரே பாயில் கிடந்தோம். கல்யாணமாகிப் பெண்டாட்டியைக் கூட்டிவந்ததும் அடுத்த வரிசையில் குடிபோனான். ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்கு எதிரே நிற்பது பெரும்பாலும் அவன்தான். கம்பில் அவன் கை என் கையைவிட ஒரு பிடி மேலே. அதுவரைக்கும் அது எனக்கு உறுத்தியதில்லை.

ஜூன் மாதம், முதல் மழை பெய்த வாரம். சனிக்கிழமை தொழிற்சாலையில் டைம் ஆபீஸ் வாசலில் பட்டியல் ஒட்டினார்கள். பத்லிகளில் ஆறு பேர் பெர்மனென்ட். ஆறாவது பெயர் அவனுடையது. அதற்குக் கீழே ஒரு கோடு போட்டு, ஆறு பேரில் யாராவது மெடிக்கல் பரிசோதனையில் தேறாவிட்டால் எடுத்துக்கொள்ள ஒரே ஒரு பெயர். அது என் பெயர்.

அன்று சாயங்காலம் அவன் என்னைக் கிங்ஸ் சர்க்கிளுக்கு இழுத்துப்போய் நெய் ரோஸ்ட் வாங்கித் தந்தான். முகமெல்லாம் பல். "அடுத்தது நீதாம்ல, பாத்துக்க" என்று என் முதுகில் தட்டினான். நல்ல மனதோடுதான் சொன்னான். எனக்கு வயிறு எரிந்தது. நான் அவனுக்கு ஒரு மாதம் முன்னால் சேர்ந்தவன். அந்தக் கோட்டுக்கு மேலே நான் இருந்திருக்க வேண்டும் என்று தோசையோடு சேர்த்து மென்று விழுங்கினேன். காபி வந்தபோது சிரிக்கவும் செய்தேன்.

மறுநாள் காலை தரை ஈரமாக இருந்தது. இன்றைக்கு வேண்டாமே என்று ஒருவர் சொன்னார். நான்தான் விளையாடலாம் என்றேன். அவனும் நானும் தரையைத் தொட்டுக் கும்பிட்டு ஆரம்பித்தோம். முதல் கரி என் தோளில் விழுந்தது. "பட்டுட்டு" என்றேன். இரண்டாவது தொடையில் விழுந்தது. அதையும் சொன்னேன். மூன்றாவது விலாவில் விழுந்தபோது என் முதுகு மற்றவர்கள் பக்கம் இருந்தது. அவர்கள் யாரும் பார்க்கவில்லை. அவனுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். நான் வாயைத் திறக்கவில்லை. அவன் வழக்கம்போல் கம்பைக் கொஞ்சம் தாழ்த்தி என் வார்த்தைக்காக நின்றான். அவன் முகத்தில் முந்தின நாள் சிரிப்பு அப்படியே இருந்தது. நான் கம்பை வீசினேன். மேலே, கண்ணுக்கு.

அவன் இடது கண்ணைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். விரல் இடுக்கில் கரியும் ரத்தமும் வழிந்தன. எல்லோரும் ஓடிவந்தார்கள். தையற்கார அண்ணாச்சி என்னைப் பார்த்து, "வழுக்கிட்டோ?" என்றார். ஈரக் கம்பு, ஈரத் தரை, வேறு என்னவாக இருக்க முடியும் என்றுதான் அவர் கேட்டார். நான் தலையை ஆட்டினேன். ஒரு வார்த்தைகூடப் பேசாமல் ஒரு பொய்யைச் சொல்லி முடித்துவிட்டேன்.

சயான் பக்கத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். கண்ணுக்குள் ரத்தம் கட்டியிருக்கிறது, அசையாமல் படுத்திருக்க வேண்டும், தானாகக் கரைந்தால் பார்வை பிழைக்கும், கரையாவிட்டால் எதுவும் சொல்ல முடியாது என்றார் டாக்டரம்மா. நல்ல கண்ணும் அசையக் கூடாது என்று இரண்டு கண்ணையும் சேர்த்துக் கட்டிவிட்டார்கள். மெடிக்கலுக்குப் பதினெட்டு நாள் இருந்தது. மெடிக்கலில் முதலில் பார்ப்பதே கண்ணைத்தான். அது அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும். கோட்டுக்குக் கீழே இருப்பது யார் பெயர் என்பது அங்கே இருந்தவர்களில் எனக்கும் அவனுக்கும் மட்டும் தெரியும்.

அவன் பெண்டாட்டி பம்பாய் வந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. இந்தியில் ஒரு சொல் கிடையாது. அவனுக்கு இருந்த இந்தி பஸ்ஸுக்கும் சந்தைக்கும் காணும், டாக்டருக்குக் காணாது. அதனால் தினமும் முதல் ஷிப்டு முடிந்ததும் நான் ஆஸ்பத்திரிக்குப் போவேன். டாக்டரம்மா சொல்வதை அவர்களுக்குத் தமிழில் சொல்வேன். மருந்து வாங்கி வருவேன். "அண்ணே, நீங்க மட்டும் இல்லைன்னா நான் இந்த ஊர்ல எங்கன போயி முட்டுவேன்" என்று அந்தப் பெண் ஒவ்வொரு நாளும் சொல்லும். ஒவ்வொரு நாளும் நான் தரையைப் பார்ப்பேன். இரவு தூக்கம் அடியோடு போயிற்று. கண்ணை மூடினால் அவன் கம்பைத் தாழ்த்திக்கொண்டு நிற்பான்.

வியாழக்கிழமை டைம் ஆபீஸ் கிளார்க் என்னைக் கூப்பிட்டார். மாட்டுங்காவிலிருந்து வருகிற தமிழர். "உன் ஃப்ரெண்டுக்குக் கண்ணுல அடியாமே. நீ எதுக்கும் பேப்பர்ஸ் ரெடி பண்ணி வச்சிக்கோ" என்றார். உபகாரமாகத்தான் சொன்னார். ஆனால் அவர் சொன்ன அந்த நிமிஷத்தில், சர்ட்டிபிகேட் எந்தப் பெட்டியில் இருக்கிறது என்று என் மனம் தேடப் போய்விட்டது.

வெள்ளிக்கிழமை நான் வார்டுக்குள் போனபோது அவன் பக்கத்துக் கட்டில்காரரிடம் பேசிக்கொண்டிருந்தான். அவரும் நம் ஊர்ப்பக்கத்து ஆள்தான். "கூட்டாளி மேல தப்பில்ல அண்ணாச்சி. மழ ஈரம், கம்பு வழுக்கிட்டு. அவன்தான் பாவம், தெனமும் வந்து மூஞ்சியத் தொங்கப் போட்டுட்டு ஒக்காந்துருக்கான்" என்றான். கண்கட்டுக்குள் இருந்துகொண்டு என் முகம் எப்படி இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தான். அவன் பெண்டாட்டி ஆரஞ்சை உரித்துப் பாதியை எனக்கு நீட்டியது.

நான் வாங்கவில்லை. கட்டிலருகே நின்றேன். சொல்லாதே, இன்னும் கொஞ்ச நாள் போகட்டும், பார்வை திரும்பிவிட்டால் சொல்ல வேண்டியதே இருக்காது என்று மனம் அடித்துக்கொண்டது. ஆனால் வருஷக்கணக்கில் ஞாயிறு தவறாமல் உரக்கச் சொல்லிச் சொல்லி என் வாய்க்கு ஒரு பழக்கம் ஏற்பட்டிருந்தது. கம்பு என் கோபத்தைத் தொடக்கூட இல்லை, அது அப்படியேதான் இருந்தது. வாயை மட்டும்தான் மாற்றியிருந்தது. மூன்று வேலையில் இரண்டைக் கெடுத்த அதே வாய்.

"கம்பு வழுக்கலை" என்றேன். "நான்தான் அடிச்சேன். வேணும்னே."

பக்கத்துக் கட்டில்காரர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அந்தப் பெண்ணின் கையிலிருந்த ஆரஞ்சு அப்படியே நின்றது. அவன் தலையை என் பக்கம் திருப்பப் பார்த்து, திருப்பக் கூடாது என்பது ஞாபகம் வந்து, மல்லாந்தபடியே கிடந்தான்.

"மூணாவது ஒண்ணு வெலாவுல பட்டுச்சே" என்றான். "நீ சொன்னது எனக்குத்தான் கேக்கலையோன்னு நெனச்சேன்."

"நான் சொல்லலை."

"எதுக்குல அடிச்ச?"

"உன் பேரு மேல இருந்துச்சு."

அவன் ஏசவில்லை. ஏசியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். "இன்னைக்குப் போ" என்றான். அந்தப் பெண் என்னைப் பார்க்கவே இல்லை. நான் தாராவி வரைக்கும் மழையில் நடந்து வந்தேன். பயமாக இருந்தது. ஆனால் ஐந்து நாளாக நெஞ்சில் உட்கார்ந்திருந்தது இறங்கிவிட்டிருந்தது. அது எனக்கு ஆச்சரியமாகவும் இருந்தது, கொஞ்சம் அசிங்கமாகவும் இருந்தது. அவன் இன்னும் இருட்டிலேயே கிடக்கிறான், எனக்கு மட்டும் மூச்சு லேசாகிறதே என்று.

ஞாயிற்றுக்கிழமை தோல் காயும் இடத்துக்குப் போய் எல்லோர் முன்னாலும் சொன்னேன். நாலு ஊர்ச் சட்டமும் கூடிப் பேசியது. ஒரு ஊர்க்காரர் இனிமேல் கம்பையே தொடவிடக் கூடாது என்றார். இன்னொருவர் எங்கள் ஊரில் கம்பை முறித்துப் போடுவார்கள் என்றார். எந்த ஊரிலும் அப்படிக் கிடையாது, நீ இப்போது கட்டிவிடுகிறாய் என்று மூன்றாவது ஆள் சண்டைக்கு வந்தார். தையற்கார அண்ணாச்சி என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "அவன் வந்து சொல்லட்டும். அதுவரைக்கும் நீ எடத்தைப் பெருக்கு" என்றார். நான் விளக்குமாற்றை எடுத்தேன். தோல் துணுக்கும் உப்பும் ஈரத்தில் ஒட்டிக்கொண்டு லேசில் வரவில்லை.

மறுநாள் கட்டு அவிழ்க்கும் நாள். ஷிப்டு முடிந்து வந்தபோது அந்தப் பெண் என் வாசலில் நின்றது.

"எனக்கு இந்தி தெரிஞ்சா உங்களைக் கூப்பிடவே வந்திருக்க மாட்டேன்" என்றது. "வாங்க."

அண்ணே என்ற சொல் போய்விட்டிருந்தது. நான் பத்தடி தள்ளிப் பின்னால் நடந்தேன்.

டாக்டரம்மா முதலில் வலது கண்ணைத் திறந்தார். அது தெளிவாக இருந்தது. பிறகு இடது கண். வெள்ளை விழி முழுக்கச் சிவந்திருந்தது. அவர் விரல்களைக் காட்டி எத்தனை என்று கேட்டார். அவன் வெகுநேரம் பார்த்தான். "பொகைக்குள்ள தெரியுது. ரெண்டு... இல்ல, மூணு" என்றான். மூன்றுதான். டாக்டரம்மா விளக்கை அடித்துப் பார்த்துவிட்டு என்னிடம் இந்தியில் கடகடவென்று பேசினார். அவர் பேசப் பேச இரண்டு பேரும் என் வாயையே பார்த்தார்கள். அவன் வேலைக்கு அடுத்தபடியாகக் காத்திருப்பவன் வாயை.

"ரத்தம் கரைஞ்சுட்டு வருதாம். உள்ளே காயம் ஒண்ணும் இல்லையாம். சொட்டு மருந்து விடணும், பாரம் தூக்கக் கூடாது. பத்து நாள்ல பொகை போயிரும்னு சொல்றாங்க."

"சரியாத்தான் சொல்லுதீங்களா?" என்றது அந்தப் பெண்.

நான் டாக்டரம்மாவைப் பார்த்தேன். டாக்டரம்மாவுக்கு என்ன புரிந்ததோ, அந்தப் பெண்ணின் தோளைத் தொட்டு, அவன் கண்ணைக் காட்டி, சிரித்துத் தலையை ஆட்டினார். அப்போதுதான் அது நம்பியது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதது. எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்தேன். போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாம் பார்க்க, வெட்கமில்லாமல் அழுதேன். அழுது முடித்ததும் பசித்தது. வாசலில் விற்ற வடாபாவ் இரண்டு வாங்கி நின்றபடியே தின்றேன்.

ஆனால் இன்னும் பத்து நாள் இருந்தது. புகை போய்விடும் என்று சொன்னார்களே தவிர, போகிறதா என்று எனக்குச் சொல்ல ஆளில்லை. அவன் வீட்டுப் பக்கம் போக எனக்கு முகமில்லை. தொழிற்சாலையில் கிளார்க் என்னைப் பார்க்கும்போதெல்லாம் புருவத்தை உயர்த்துவார். நான் பேப்பரை எடுத்து வைக்கவில்லை. ராத்திரியானால் அவன் கண் இப்போது எப்படி இருக்கும், சொட்டு மருந்து விட்டார்களா, பாரம் கீரம் தூக்கினானா என்றே ஓடும். தூக்கம் வரவே இல்லை. மிஷினில் நிற்கும்போது கண் சொருகி, ஃபோர்மேனிடம் இரண்டு தடவை வாங்கிக் கட்டிக்கொண்டேன். பதிலுக்கு ஒரு வார்த்தை பேசவில்லை. அது பொறுமையால் அல்ல, பேசத் தெம்பு இல்லாததால்.

மெடிக்கல் அன்று வியாழக்கிழமை. ஷிப்டு முடிந்து நான் கேட்டுக்கு உள்ளே சைக்கிள் ஸ்டாண்டில் நின்றேன். அந்தப் பெண் கேட்டுக்கு வெளியே ரோட்டோரம் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றது. என்னைப் பார்த்தது, பார்க்காததுபோல் இருந்தது. தொழிற்சாலை டாக்டர் அறைக்குள் ஒவ்வொருவராகப் போய் வந்தார்கள். ஐந்து பேர் வந்துவிட்டார்கள். அவன் மட்டும் வரவில்லை. ஊரில் உள்ள சாமிகளையெல்லாம் கூப்பிட்டேன். எனக்கு அந்த வேலை வேண்டாம், தயவுசெய்து எனக்கு வந்துவிடக் கூடாது என்று வேண்டிக்கொண்டேன். அப்படி ஒன்றை யாராவது வேண்டியிருப்பார்களா தெரியாது.

அவன் வந்தான். கையில் ஒரு காகிதம். கேட்டுக்கு வெளியே பார்த்து அதை உயர்த்தி ஆட்டினான். அந்தப் பெண் குடையை மடக்காமலே ரோட்டோரம் குத்துக்கல்லில் உட்கார்ந்துவிட்டது. பிறகு அவன் நேராகக் கேட்டுக்குப் போகாமல் என் பக்கம் திரும்பி வந்தான். இரண்டு எட்டு தள்ளி நின்றான். இடது கண்ணில் சிவப்பு ஓர் ஓரத்தில் மட்டும் மிச்சமிருந்தது.

"தேறிட்டேன்" என்றான்.

நான் யாரோ ஒருவருடைய சைக்கிளைப் பிடித்துக்கொண்டேன். அவன் என் முகத்தையே உற்றுப் பார்த்தான். அந்தக் கண்ணால் அவன் என்னைப் பார்த்ததுதான் எனக்கு முதல் நிம்மதி.

"நீ கடைசியா எப்பம்ல ஒறங்குன?" என்றான்.

நான் கண்ணைக் கசக்கினேன்.

"என் கண்ணு சரியாயிட்டு. ஒன் கண்ணுதான் ரத்தக்கட்டா கெடக்கு. போயிப் படுல."

சொல்லிவிட்டுப் பெண்டாட்டியிடம் போனான். நான் பஸ்ஸேறி வீட்டுக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் பாயில் விழுந்தவன், மறுநாள் ஷிப்டுக்குச் சங்கு ஊதியபோதுதான் எழுந்தேன்.